அடிக்கலாமா, விடலாமா?

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ஆம் தேதி காலை, பொழுது நன்றாய் விடிவதற்கு முன்பே, எங்கள் தெருவில் ஒரு பெரிய கூச்சல் கேட்டது. மார்கழி மாதமாகையால் பஜனை கோஷ்டிதான் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு வாசற்கதவைத் திறந்தேன். பஜனையுமில்லை, கோஷ்டியுமில்லை. எதிர் வீட்டுத் தலைமையாசிரியர் தன்னந்தனியாகத் தம் வீட்டு வாசலில் நின்று ஆகாசத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிறது. அவருடைய குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்ன ஸார், உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டேன்.

"என் உடம்புக்கு என்ன கேடு? அந்தப் பையனுக்குத்தான் புத்தியில் ஏதோ கோளாறு! பார்த்தீரா, பார்க்கவில்லையா?" என்று கர்ஜித்தார்.

பையன் என்று அவர் குறிப்பிட்டது ரிஷப் பந்த் அவர்களை. அச்சமயம் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் டெஸ்ட் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியர்கள் முதல் ஆட்டத்தில் 474 ரன் குவித்துவிட்டார்கள். நம்மவர்களில் ஐந்து பேர் ஏற்கெனவே வெளியேறியாயிற்று. அந்த நிலைமையில் பந்த் என்ன செய்தார் தெரியுமோ? ஸ்காட் போலண்ட் என்னும் வேகப் பந்துக்காரர் போட்ட பந்தை, தரையிலே சாய்ந்து விழுந்தபடியே, தம் தோளுக்குப் பின்னால் துடைப்பத்தால் குப்பை தள்ளுவதுபோல் தள்ளப் பார்த்தார். அது உடம்பிலே பட்டது. சாதாரண மனிதர்களாயிருந்தால் இதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். பந்த் அடுத்த பந்துக்கும் அதே வித்தையைக் காட்டினார். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, அவர் நினைத்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் உயரக் கிளம்பி, எல்லைக்கருகே நின்ற நேதன் லயன் கையில் போய்ச் சேர்ந்தது. ரன் 28, விக்கெட் ஆறு. வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த ஸுனில் கவாஸ்கர் ஆங்கிலத்தில் 'ஸ்டுபிட்' என்ற பதத்தை மூன்று தடவை அடுத்தடுத்து உச்சரித்தார். எங்கள் தலைமையாசிரியரும் அதே பதத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மூன்றோடு நிறுத்தவில்லை.

எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. 2021-ஆம் வருஷம் மார்ச் மாதம், ஆமதாபாத்தில் இங்கிலாந்துடன் நான்காவது டெஸ்ட். ஜேம்ஸ் ஆண்டர்ஸன் புதுப் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார். உலகத்தில் வேகப் பந்து போட்டவர்களில் அவரைக் காட்டிலும் அதிகமாக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவருடைய பந்தை இதே பந்த், மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, ஸ்லிப்பில் நின்றவர்களின் தலைக்கு மேலே பவுண்டரிக்கு அனுப்பினார். அன்று அவர் 101 ரன் எடுத்தார். அன்றைக்கும் தலைமையாசிரியர் வாசலுக்கு வந்து கூச்சல் போடத்தான் செய்தார். ஆனால், "கண்ணா, கண்ணா!" என்றல்லவா கூச்சல் போட்டார்? என்னை உள்ளே அழைத்துப் போய்க் காப்பியும் கொடுத்தார். டிசம்பர் 28-ஆம் தேதி காப்பி கிடைக்கவில்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது தைரியம், மேதை, துணிவே துணை. பந்து ஒருவன் கையில் அகப்பட்டுக்கொண்டால் அதுவே மூடத்தனம், பொறுப்பின்மை, தேசத் துரோகம். ஒரு காரியம் தப்பா சரியா என்பதை அதன் பலனைப் பார்த்த பிறகுதான் நாம் தீர்மானிப்பது என்றால், ஆடுகிறவன் எதை நம்பி மட்டையைத் தூக்குவான்?

கிரிக்கெட்டில் அதிகப் பழக்கமில்லாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டில் குழந்தைகள் கேட்டால் பதில் சொல்லவும் உதவும். டெஸ்ட் பந்தயம் ஐந்து நாள் நடப்பது. ஒரு நாள் பந்தயத்திலும் இருபது ஓவர் பந்தயத்திலும் பந்துகள் இத்தனைதான் என்று கணக்கு உண்டு; ஒவ்வொரு பந்தையும் வீணாக்காமல் அடித்தாக வேண்டும். டெஸ்டில் அந்த நிர்ப்பந்தமே கிடையாது. பிடிக்காத பந்தை அடிக்காமல் விடலாம். நாள் முழுவதும் விட்டுக்கொண்டேயிருக்கலாம். அப்படி விட்டதற்காகவே பெரும் புகழ் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆகவே டெஸ்டில் ஒருவன் அடித்து ஆட்டமிழந்தால், 'உன்னை யார் அடிக்கச் சொன்னார்கள்?' என்ற கேள்வி உடனே கிளம்பிவிடுகிறது.

ஆனால் அடிப்பதில் ஒரு யுக்தியும் இருக்கிறது. வேகப் பந்து போடுகிறவர் ஓடி வரும்போது மட்டைக்காரனுக்குப் பின்னால் ஸ்லிப்பில் மூன்று பேர், கல்லியில் ஒருவர் என்று காக்கைக் கூட்டம்போல் காத்திருக்கிறார்கள். மட்டையின் விளிம்பை உரசிக்கொண்டு எதாவது வந்தால் கொத்திக்கொண்டு போக வேண்டியதுதான். மட்டைக்காரன் நாலு பவுண்டரி அடித்து விட்டானானால், எதிர்க் கட்சித் தலைவர் அந்தக் காக்கைகளில் ஒன்றை எழுப்பி எல்லைக்கோட்டுக்கு அனுப்புகிறார். இன்னும் இரண்டு பவுண்டரி போனால் இன்னொன்று. அடுத்த பந்து விளிம்பில் பட்டாலும், பிடிப்பதற்கு அங்கே ஆள் இல்லை! இந்தக் கணக்குப்படி பார்த்தால், அடிப்பதே ஒருவிதத் தற்காப்பு ஆகிவிடுகிறது.

ஓங்கி அடித்தால்தான் வேகமாக ரன் வரும் என்று நினைப்பவர்களுக்கு டான் பிராட்மன் ஒருவரே பதில். 1930-ஆம் வருஷம் லீட்ஸில் அவர் ஒரே நாளில் 309 ரன் எடுத்தார். மொத்தம் 334; பவுண்டரி 46. ஸிக்ஸர் எத்தனை? ஒன்று கூடக் கிடையாது. அந்த மகானுபாவர் தம் டெஸ்ட் வாழ்நாள் முழுவதிலும் அடித்த ஸிக்ஸர்கள் வெறும் ஆறு! பந்து தரையோடு தரையாகப் போனால் எவனாலும் காட்ச் பிடிக்க முடியாதல்லவா? வேகம் வேறு, ஆபத்து வேறு என்பதை அவரைப்போல் தெரிந்து வைத்திருந்தவர் யாருமில்லை.

நம் நாட்டில் இந்த ஆட்டம் வேரூன்றியதே அடித்து ஆடியவர்களால்தான். 1926-ஆம் வருஷம் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம். ஸி. ஸி. கோஷ்டி பம்பாய்க்கு வந்தபோது ஸி. கே. நாயுடு 153 ரன் எடுத்தார். அதில் 11 ஸிக்ஸர்கள். அது டெஸ்ட் பந்தயமல்ல. ஆனாலும் இந்தியர்களுக்கு டெஸ்ட் ஆடும் தகுதி உண்டா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்தப் பதினொன்றும் பதினொரு பதில்களாக அமைந்தன. ஆறு வருஷம் கழித்து லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்டுக்கு அவரே தலைவரானார்.

1936-ல் மான்செஸ்டரில் நடந்தது இன்னும் ரஸமானது. இங்கிலாந்து 571 ரன்னில் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. முதல் ஆட்டத்தில் 203 மட்டுமே எடுத்திருந்த நம்மவர்கள் தோல்வியின் வாசற்படியில் நின்றார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு விஜய் மெர்ச்செண்டும் முஷ்டாக் அலியும் வந்தார்கள். மெர்ச்செண்ட் சாஸ்திரோக்தமாக ஆடுகிறவர். முஷ்டாக் அலியோ வேகப் பந்துக்காரருக்கு எதிரே கூட மட்டையை ஏந்தி நடந்து போகிறவர். ஆப் பக்கம் போக வேண்டிய பந்தை லெக் பக்கம் திருப்புகிறவர். தொண்ணூறு ரன்னைத் தாண்டியதும் எதிர்க் கட்சியைச் சேர்ந்த வாலி ஹாமண்டே அவரிடம் வந்து, நிதானமாக ஆடி ஸெஞ்சுரியை முடித்துக்கொள் என்று புத்தி சொன்னாராம். முஷ்டாக் அலி பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் 112, மெர்ச்செண்ட் 114. முதல் விக்கெட்டுக்கு 203 ரன். அன்றைய தினம் இரு கட்சியாரும் சேர்ந்து எடுத்த 588 ரன் என்பது டெஸ்டில் ஒரே நாளில் எடுக்கப்பட்ட மிக அதிகமான தொகையாக இன்றளவும் நிற்கிறது. பந்தயமும் தோல்வியில்லாமல் முடிந்தது. சாஸ்திரமும் சாகஸமும் ஜோடி சேர்ந்து ஆடியதால்தான் அன்று பிழைத்தோம். இரண்டு முஷ்டாக் அலிகளோ இரண்டு மெர்ச்செண்டுகளோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நிற்க. சென்னைவாசியாகிய நான் சேப்பாக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் அந்த மைதானத்துக் கடற்காற்று என்னை மன்னிக்காது.

1998-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஆஸ்திரேலியர்கள் வந்தார்கள். ஷேன் வார்னுக்கும் ஸச்சின் டெண்டுல்கருக்கும் யுத்தம் என்று நாடெங்கும் ஒரே பேச்சு. வார்ன் போடும் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே, ஓடி ஓடிக் கீறிப்போன கரட்டுத் தரையில் விழுந்து, பாம்பு சீறுவதுபோல் உள்ளே திரும்பும். இதை முன்கூட்டியே யோசித்த டெண்டுல்கர் என்ன செய்தார்? சென்னையிலேயே, நம் ஊர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அழைத்து, பயிற்சிக் களத்துத் தரையை அந்த இடத்தில் வேண்டுமென்றே கீறிவிட்டு, அங்கேயே பந்தைப் போட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். போடப் போட, பந்து திரும்பும் திசைக்கு எதிராக, மிட் விக்கெட் பக்கம் தூக்கி அடித்துப் பழகினார். பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் வித்வான் விடியற்காலையில் அகார சாதகம் செய்வதில்லையா, அந்த மாதிரி.

ஆனால் முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது? வார்ன் பந்தில் ஒரு பவுண்டரி அடித்தார். உடனேயே இன்னொன்று அடிக்கப் போய் ஸ்லிப்பில் மார்க் டெய்லரிடம் காட்ச் கொடுத்தார். ரன் நாலு! சேப்பாக்கம் சவ வீடுபோல் ஆகிவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் 71 ரன் பின்தங்கிய நிலையில் இந்தியா ஆட வந்தது. வார்ன், எதிர்பார்த்தபடியே, ஸ்டம்பைச் சுற்றி வந்து கரட்டுத் தரையில் போட ஆரம்பித்தார். சாதகம் செய்த அடி அப்போது வெளியே வந்தது. 191 பந்தில் 155 ரன், ஆட்டமிழக்காமல். இந்தியா 179 ரன்னில் ஜயித்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது மகா துணிச்சலான அடியாகத் தோன்றியிருக்கும். சுழலுக்கு எதிராக அடிக்காதே என்றுதானே சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அடித்தவருக்கோ அது நூறு தடவை எழுதிப் பார்த்த கணக்கு.

பத்து மாதம் சென்றது. 1999-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி; அதே சேப்பாக்கம்; இப்போது எதிரே பாகிஸ்தான். நாலாவது ஆட்டத்தில் 271 ரன் எடுத்தால் வெற்றி. 82 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. டெண்டுல்கர் முதல் ஆட்டத்தில் ஸக்லைன் முஷ்டாக்கின் பந்துக்கு இறங்கி வந்து அடிக்கப் போய் ரன் எடுக்காமலே ஆட்டமிழந்தவர். இரண்டாவது ஆட்டத்தில் அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டவர்போல் மணிக்கணக்காகப் பொறுமையுடன் ஆடினார். துணைக்கு நயன் மோங்கியா. இருவரும் சேர்ந்து 136 ரன் சேர்த்தார்கள். மோங்கியா 52 ரன்னில் தூக்கி அடித்து வெளியேறினார். அதற்குள் டெண்டுல்கருக்கு முதுகு வலி தாங்கமுடியாமல் போய்விட்டது. ஒவ்வொரு ரன்னுக்கும் ஓடுவதே பிராணாவஸ்தை. ஓடுவதைக் காட்டிலும் அடிப்பது சுலபம் என்று அவர் தீர்மானித்தார். பவுண்டரிகள் பறந்தன. தேவையான ரன் மளமளவென்று குறைந்தது. ஐம்பதாயிற்று, முப்பதாயிற்று, இருபதுக்கும் கீழே வந்தது.

பதினேழு ரன் பாக்கி. விக்கெட் நாலு பாக்கி. ஸக்லைன் பந்து போடுகிறார். அவர் கையில் ஒரு விசேஷம் உண்டு. ஆப் ஸ்பின் போடுகிற அதே கை அசைவில், எதிர்ப் பக்கம் திரும்பும் பந்து ஒன்றையும் போடுவார். டெண்டுல்கர் முன்னே வந்து தூக்கி அடித்தார். பந்து மட்டையின் நடுவில் படவில்லை. நேராக ஆகாசத்துக்குக் கிளம்பிற்று. கீழே வாஸிம் அக்ரம் காத்திருந்தார்.

அந்தப் பந்து கீழே இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலு விநாடியோ, ஐந்து விநாடியோ. அன்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். அது இன்னும் முழுக்க இறங்கி முடியவில்லை என்றுதான் சொல்வார்கள். டெண்டுல்கர் 136. மீதமிருந்த மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் சாய்ந்தன. 12 ரன்னில் தோல்வி. டெண்டுல்கர் ஆட்ட நாயகன் பரிசு வாங்கக்கூட வெளியே வரவில்லை. சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கை தட்டினார்கள். அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். கை தட்டல் ஓயவில்லை. ஊருக்குக் கௌரவம் வாங்கிக் கொடுத்த தோல்வி என்று அதை நான் எப்போதும் சொல்லி வருகிறேன். அதனால் வலி குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த அடி தப்பா? தலைமையாசிரியரிடம் கேட்டேன். "அவன் டெண்டுல்கர், ஐயா! முதுகு வலி!" என்று பளிச்சென்று பதில் வந்தது. சரி, முதுகு வலிதான். ஒன்றும் இரண்டுமாக எடுத்திருந்தால் பதினேழு ரன் வந்திருக்கலாம். வலியோடு இன்னும் முப்பது பந்து நின்றிருக்க முடியாமலும் போயிருக்கலாம். அதற்கு முன் அதே பந்துக்காரரை அதே விதமாய் அடித்துப் பவுண்டரி எடுத்தவர்தானே? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தீர்மானம் சரி. பந்துதான் தப்பான பந்து. பின்னால் ஆடவருகிறவர்கள் பதினேழு ரன் எடுப்பார்கள் என்று நம்பிக்கை இருந்திருந்தால் தீர்மானமே வேறாக இருந்திருக்கும். ஒருவருடைய அடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது, அவருக்குப் பின்னால் யார் யார் காத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடிக்காமல் விட்டதற்கும் டெண்டுல்கரே உதாரணம். 2003-ஆம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் அவருக்குப் போதாத காலம். ஆப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விரட்டி ஆட்டமிழந்துகொண்டிருந்தார். 2004 ஜனவரியில் ஸிட்னிக்கு வந்தார். கவர் டிரைவ் என்பது அவருடைய அடிகளிலேயே அழகானது. ராஜ குமாரி மாதிரி. அந்த ராஜ குமாரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆஸ்திரேலியர்கள் வெளியே வெளியே போட்டு ஆசை காட்டினார்கள். அவர் மட்டையைத் தூக்கி விட்டுவிட்டுக் காத்திருந்தார். சலித்துப் போய் உள்ளே போட்டார்கள். லெக் பக்கம் திருப்பினார். 436 பந்து, 241 ரன், ஆட்டமிழக்கவில்லை. பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரு மனிதர் தமக்கு மிகப் பிரியமான ஒன்றைத் தொடாமலிருந்தார். ஏகாதசிக்கு முழுப் பட்டினி கிடப்பதாகச் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு அடுப்பங்கரைப் பக்கம் போகிற நம்மால் இதை லேசாக எண்ண முடியுமா?

அந்த ஸிட்னி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், மெல்பர்னில், வீரேந்திர ஸேவாக் நடத்தியது இதற்கு நேர் மாறான கதை. முதல் நாளே 195 ரன். இரட்டை ஸெஞ்சுரிக்கு இன்னும் ஐந்துதான். ஸைமன் காடிச் என்பவர் போட்ட பந்தைத் தூக்கி அடித்தார்; எல்லையருகே பிடித்துவிட்டார்கள். அவர் போனதும் இந்தியாவின் ஆட்டம் மளமளவென்று சரிந்து 366-ல் முடிந்தது. பந்தயமும் போயிற்று. அடுத்த மார்ச்சில் முல்தானில் 295-ல் நின்றார். எதிர்ப் பக்கத்தில் டெண்டுல்கர். ஸிக்ஸர் அடிக்கப் பார்த்தால் மட்டையாலேயே சாத்துவேன் என்று டெண்டுல்கர் மிரட்டி வைத்திருந்தாராம். ஸக்லைன் பந்து போட வந்தால் அடிக்கத்தான் போகிறேன் என்று ஸேவாக் சொல்லிவிட்டாராம். ஸக்லைன் வந்தார், ஸிக்ஸரும் போயிற்று. இந்தியர் ஒருவர் டெஸ்டில் 300 எடுத்தது அதுவே முதல் தடவை. மெல்பர்னில் தவறிய அடியை விட்டுவிடாமல், அடிக்கவேண்டிய ஆளை மட்டும் அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

2008-ல் சேப்பாக்கத்திலேயே அவர் மறுபடியும் முந்நூறைத் தாண்டினார். தென்னாப்பிரிக்கா 540 எடுத்திருந்தது. மூன்றாம் நாள் காலை 52-ல் தொடங்கிய ஸேவாக் சாயங்காலம் 309-ல் நின்றார். ஒரே நாளில் 257 ரன்! மார்ச் மாதக் கடைசிச் சென்னை வெயிலில் பந்து பொறுக்க ஓடிய தென்னாப்பிரிக்கர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நீர்மோர் கொடுக்க வேண்டும்போல் இருக்கிறது. 319 ரன் எடுக்க அவருக்குத் தேவைப்பட்டது 304 பந்து.

2022 முதல் இங்கிலாந்துக்காரர்கள் பென் ஸ்டோக்ஸ் தலைமையிலும் பிரெண்டன் மெக்கல்லம் பயிற்சியிலும் இதையே ஒரு மதமாக ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். அந்த வருஷம் ஜூலையில் பர்மிங்ஹாமில் நமக்கெதிராக 378 ரன்னைத் துரத்திப் பிடித்தபோது நாமே வாயைப் பிளந்தோம். ஆனால் மதம் முற்றினால் என்ன ஆகும் என்பதை 2024-ல் ராஜ்கோட்டில் பார்த்தோம். ஜோ ரூட்! இங்கிலாந்தில் அவரைப்போல் பந்தை மென்மையாகத் தட்டுகிறவர் கிடையாது. அவர் பும்ராவின் பந்தை மட்டையைத் திருப்பிப் பின்னால் தூக்கப் போய் ஸ்லிப்பில் ஜெய்ஸ்வாலிடம் அகப்பட்டார். அதோடு இங்கிலாந்து சரிந்தது. கடைசியில் 434 ரன்னில் தோல்வி. வீணை வித்வான் ஒருவர் தவில் அடிக்க ஆசைப்பட்ட கதைதான். பந்துக்கு அந்த அடி சுபாவம்; ரூட்டுக்கு அது இரவல்.

2025 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்திலும் அப்படித்தான். 374 ரன் வேண்டும். இங்கிலாந்து மூன்று விக்கெட்டுக்கு 301. ஹாரி புரூக் 111 ரன் எடுத்துவிட்டார். ஆகாஷ் தீப் பந்தை விளாசப் போனார். மட்டை கையைவிட்டு ஒரு பக்கம் பறந்தது, பந்து இன்னொரு பக்கம் பறந்து ஸிராஜிடம் போயிற்று. மறுநாள் காலை 367-ல் எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். ஆறு ரன்னில் நமக்கு வெற்றி! புரூக்கின் அடியை எங்கள் தெருவில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

மெல்பர்ன் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அந்தப் பந்தயத்தின் இரண்டாவது ஆட்டத்தில் பந்த் நல்ல பிள்ளையாக ஆடினார். கவாஸ்கர் சொன்னது காதில் விழுந்திருக்குமோ என்னவோ, நூறு பந்துக்கு மேல் பொறுமையாகத் தடுத்தார். பிறகு டிராவிஸ் ஹெட் என்ற சில்லறைப் பந்துக்காரர் போட்ட, அடிப்பதற்கென்றே வந்த மோசமான பந்து ஒன்றை அடித்தார். அடிக்கவேண்டிய பந்துதான். எல்லையருகே பிடித்துவிட்டார்கள். 104 பந்தில் 30. இந்தியா 155-ல் சுருண்டது. இதற்கு என்ன பெயர் வைப்பது? நாலு வருஷத்துக்கு முன் பிரிஸ்பேனில், 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் தோற்றே அறியாத மைதானத்தில், கடைசி நாள் 89 ரன் எடுத்து ஜயித்துக் கொடுத்தவரும் இவரே. அன்று புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்றிராவிட்டால் பந்துக்கு அடிக்க ஆட்டமே மிஞ்சியிராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2025 ஜூனில் லீட்ஸில் பந்த் இரண்டு ஆட்டத்திலும் ஸெஞ்சுரி அடித்தார், 134, 118. கவாஸ்கர் இந்தத் தடவை 'ஸூபர்ப்' என்று மூன்று தடவை சொன்னார். பெரியவர்களுக்கு அழகு அதுதான். இரண்டு ஸெஞ்சுரி இருந்தும் நாம் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதம் மான்செஸ்டர். முஷ்டாக் அலி ஆடிய அதே ஓல்ட் டிராபோர்ட் மைதானம். பந்த் 37-ல் இருந்தபோது கிறிஸ் வோக்ஸின் வேகப் பந்தை மட்டையைத் திருப்பிக்கொண்டு பெருக்கப் பார்த்தார். பந்து காலிலே பட்டு எலும்பு முறிந்தது. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"வேகப் பந்துக்காரனுக்கு அந்த அடி எதற்கு? எதற்கு என்கிறேன்?" என்று தலைமையாசிரியர் அன்று இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டார். என் மனைவி, "பாவம், கால் உடைந்துபோய்க் கிடக்கிறது குழந்தைக்கு, இந்தச் சமயத்தில் இப்படியா பேசுவது?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாளும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியாவின் ஆறாவது விக்கெட் விழுந்தது. அடுத்தாற்போல் யார் என்று பார்த்தால், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நொண்டி நொண்டி இறங்கி வருகிறார் பந்த். அத்தனை ஜனங்களும் எழுந்து நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூடத்தில் தலைமையாசிரியரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஓட முடியாத காலோடு ஆடி, ஜோப்ரா ஆர்ச்சரின் பந்தில் ஒரு ஸிக்ஸரும் அடித்து, பந்த் 54 ரன் வரை எடுத்தார். தலைமையாசிரியர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, "இருந்தாலும், வோக்ஸ் பந்துக்கு அந்த அடி எதற்கு?" என்றார்.

என் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தாள்.